அடைப்புக்குறி போட்ட வீடு

அப்பா போனபோது நான் அழவில்லை என்று உறவில் இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள். என் காதில் விழவேண்டும் என்றுதான் பேசினார்கள், விழுந்தது. அழுகை வந்தால் அழமாட்டேனா? வரவில்லை, அவ்வளவுதான். அந்த மாதத்தை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அப்பாவின் முகம்கூட இல்லை. எங்கள் வீட்டு எண்தான்.

திருவனந்தபுரத்தில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே டி.சி. நம்பர் என்கிற வீட்டு எண் இல்லாமல் ஒரு காரியமும் நடக்காது. ரேஷன் கார்டு, கேஸ், கரண்ட், எதற்குப் போனாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். வார்டு எண், ஒரு சாய்கோடு, பிறகு வீட்டு எண். வீடு பாகம் பிரிந்தால் கடைசியில் அடைப்புக்குறிக்குள் ஒன்று, இரண்டு என்று வரும். கரமனையில் எங்கள் வீட்டு எண்ணுக்கு அடைப்புக்குறிக்குள் ஒன்று. சித்தப்பா நாகர்கோவிலில் வீடு கட்டப் பங்கு கேட்டபோது பின்பக்கத்தைப் பிரித்து விற்றார்கள், அது இரண்டு. அப்பா அப்போது மாநகராட்சி ஆபீஸில் குமாஸ்தா. வீட்டு எண் பதியும் மேசையே அவருடையது. சொந்த வீட்டுக்குச் சொந்தக் கையாலேயே அடைப்புக்குறி போட்டார். வெள்ளைப் பெயின்ட் வாங்கி வந்து கேட் தூணிலும் அவரே எழுதினார். பெயின்ட் வழிந்து அந்த வளைவுக்கு ஒரு வால் முளைத்திருக்கிறது, இப்போதும் இருக்கிறது.

அப்பாவுக்கு முதுகெலும்பில் கேன்சர் என்று தெரிந்த பிறகு கழக்கூட்டத்தில் சாஃப்ட்வேர் கம்பெனிக்கு வேலைக்குப் போவதை விட்டு, வீட்டிலிருந்தே கம்பெனி வேலையைப் பார்க்க ஆரம்பித்தேன். ஆஸ்பத்திரி போதும், இனி எங்கேயும் தூக்கிக்கொண்டு போகாதே என்று அப்பா சொல்லிவிட்டார். வீட்டுக்கே வந்து வலி தணிக்கும் பாலியேட்டிவ் யூனிட்டிலிருந்து ஒரு சிஸ்டர் ஜீப்பில் வருவாள். மலையாளி, என்னைவிடப் பத்து வயது சின்னவள். மார்ஃபின் மாத்திரை தருவாள், புண் கழுவுவாள், அப்பாவை "சாரே, எந்தா விசேஷம்" என்று கேட்டுச் சிரிக்க வைப்பாள். எனக்கு அப்பாவைச் சிரிக்க வைக்கத் தெரியாது.

சிஸ்டருக்குத் தினமும் காலையில் போனில் ஒரு பட்டியல் வரும். அதில் நோயாளிகளின் பெயர் இருக்காது. வியாதி வெளியே தெரிய வேண்டாம் என்று யூனிட்டில் ஒரு கட்டுப்பாடு. வீட்டு எண் மட்டும்தான். எந்த வீட்டில் வலி கூடியிருக்கிறது, எங்கே முதலில் போக வேண்டும் என்பதை யூனிட் ஆபீஸில் இருக்கும் அக்கா தனியாக போனில் கூப்பிட்டுச் சொல்வாள். சிஸ்டர் ஒரு நோயாளியின் பக்கத்தில் இருக்கும்போது போன் பையில் கிடக்கும், எடுக்க மாட்டாள். ஒரு நாள் அதைச் சொல்லி வருத்தப்பட்டாள்.

"அதுக்கு நான் ஒண்ணு செஞ்சு தரேன் சிஸ்டர்" என்றேன். கைம்மாறு செய்ய ஒரு வழி கிடைத்ததே என்று எனக்குச் சந்தோஷம்.

பட்டியல் பக்கத்தை ஏற்கெனவே யாரோ செய்து கொடுத்திருந்தார்கள். அதன் உள்ளே கை வைக்க முடியாது. ஆனால் அதோடு ஒரு ஸ்டைல்ஷீட்டைச் சேர்க்கலாம். எந்த வரி எந்த நிறத்தில் தெரிய வேண்டும் என்று பிரவுசருக்கு, அதாவது உலாவிக்குச் சொல்கிற சாதாரண எழுத்துதான் அது. ஆபீஸ் அக்கா தன் கம்ப்யூட்டரில் ஒரு வீட்டுக்கு டிக் போட்டால், அந்த வீட்டு எண்ணை எடுத்து, "இந்த இந்த வீடெல்லாம் சிவப்பு" என்று ஒரே ஒரு விதியை என் நிரல் எழுதும். சிஸ்டர் போனைத் திறந்தால் சிவப்பு வீடுகள் கண்ணில் அடிக்கும், யாரும் யாரையும் கூப்பிட வேண்டாம். மொத்தம் நாற்பது வரி.

ஒரே ஒரு சங்கடம். ஸ்டைல்ஷீட்டில் சில குறிகளுக்குத் தனி அர்த்தம் உண்டு. புள்ளி, சாய்கோடு, அடைப்புக்குறி எல்லாம் அந்த ஜாதி. இது வெறும் எழுத்துதான், அர்த்தம் பார்க்காதே என்று சொல்ல ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு பின்சாய்கோடு போட வேண்டும். எங்கள் பாஷையில் எஸ்கேப் செய்வது. எண்ணில் ஆரம்பித்தால் அதற்கு வேறொரு வழி. வேலை பெரிதில்லை, ஆனால் எதையாவது விட்டுவிடுவது சுலபம்.

கம்பெனியில் என்னோடு வேலை செய்கிறவனிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன்.

"சேச்சி, அதுக்கொரு லைப்ரரி உண்டல்லோ" என்றான். யாரோ ஏற்கெனவே எழுதிப் பொதுவில் வைத்த நிரலைச் சொன்னான். "சின்னது. எந்த எழுத்தைக் கொடுத்தாலும் எஸ்கேப் பண்ணித் தரும். சும்மா எடுத்துச் சேர்த்தா மதி, வேற ஒண்ணும் வேண்டா."

"ஒரு சாய்கோட்டுக்கு லைப்ரரியா? நாளைக்குத் தண்ணி குடிக்க ஒரு லைப்ரரி கொண்டு வருவே நீ."

"சும்மா பறஞ்சேன்னு மாத்திரம்" என்று பேச்சை விட்டுவிட்டான்.

இருபது வருஷம் இதே வேலையைப் பார்த்த தலைக்கனம், வேறென்ன. சாய்கோட்டுக்கு ஒரு வரி, முதல் எண்ணுக்கு ஒரு வரி என்று நானே எழுதினேன். பட்டியலில் இருந்த வீடுகளை ஒவ்வொன்றாக டிக் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொன்றும் சிவப்பானது.

எங்கள் வீட்டை மட்டும் போட்டுப் பார்க்கவில்லை. கை அது வரை போனது. சிவப்பு என்றால் அந்த வீட்டில் ஒரு ஆள் துடிக்கிறார் என்று அர்த்தம். அப்பா பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தார். வெறும் சோதனைக்குக்கூட அவரைச் சிவப்பாக்க மனசு வரவில்லை. இதை வெளியே சொன்னால் என்னோடு வேலை செய்கிறவர்கள் சிரிப்பார்கள். நல்ல நாளில் இழவைப் பேசாதே என்று வளர்ந்த புத்தி, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் மட்டும் எங்கே போகும்? பட்டியலில் அடைப்புக்குறி இருந்த ஒரே வீடு எங்களுடையது.

இரண்டு மாதம் அந்தப் பட்டியல் பக்கம் ஒழுங்காக ஓடியது. சிஸ்டர் எல்லாரிடமும் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொன்னாள்.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. காலையில் அப்பா மாத்திரையை வாந்தி எடுத்துவிட்டார். இன்னொன்று கொடுத்தேன், அதுவும் நிற்கவில்லை. ஏழு மணிக்கெல்லாம் வலி ஏறிவிட்டது. ஊசி போட வேண்டும், அது சிஸ்டரால்தான் முடியும். அதுவரை ஒரு தடவைகூட எங்கள் வீட்டுக்காக நான் ஆபீஸுக்குக் கூப்பிட்டதில்லை. அன்று கூப்பிட்டேன்.

"டிக் போட்டாச்சு" என்றாள் ஆபீஸ் அக்கா. "இன்னைக்கு உங்களோட சேர்த்து நாலு வீடு. சிஸ்டர் இப்பத்தான் எறங்குது. நீங்க பேடிக்க வேண்டாம், கேட்டியளா."

நான் பயப்படவில்லை. நானே எழுதியதாயிற்றே. சிவப்பு விழுந்திருக்கும், சிஸ்டர் பார்த்திருப்பாள், வந்துவிடுவாள். ஒன்பது மணி ஆனது. பத்தரைக்கு மறுபடி ஆபீஸைக் கூப்பிட்டேன், சிஸ்டரின் போன் எப்படியும் பையில்தான் கிடக்கும். "வழியில காணும், இப்ப வந்துரும்" என்றாள் அக்கா. அப்பா கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பிடித்தபடி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். வாயைத் திறக்கவில்லை. சத்தம் போட்டால் பின்வீட்டுக்காரர்களுக்குக் கேட்கும் என்று அவருக்கு ஒரு கூச்சம். ஆம்புலன்ஸ் கூப்பிடட்டுமா என்றதற்குத் தலையை மட்டும் ஆட்டினார், வேண்டாமென்று. பன்னிரண்டு மணிக்கு ஒரு தடவை பேசினார்.

"சிஸ்டருக்கு இன்னைக்கு நெறைய வீடு காணும் மக்ளே. பைய வரட்டும்."

ஒரு தடவைகூட அந்தப் பட்டியல் பக்கத்தைத் திறந்து பார்க்கவில்லை. அது தவறியிருக்கும் என்று தோன்றவே இல்லை. ஈரத்துணியை நனைத்து நெற்றியில் போட்டேன், எடுத்தேன், மறுபடி போட்டேன். ஒரு கட்டத்துக்குப் பிறகு எனக்குள் ஒன்றுமே இல்லை. துணியைப் பிழிகிற கை மட்டும் இருந்தது.

நாலு மணிக்கு ஜீப் வந்தது. எப்போதும் போல, வழியில் கடைசி வீடாக. சிஸ்டர் சிரித்த முகத்தோடு இறங்கினாள்.

"இன்னு ஒரு சிவப்பும் இல்லா சேச்சி, கேட்டோ. ஆர்க்கும் வேதனை இல்லா. எனிக்கு எத்தர சந்தோஷம். பழவங்காடியில நிறுத்தி ஒரு சாயா குடிச்சேன், எத்தர நாளுக்குப் பிறகு."

அப்படியே உள்ளே வந்து அப்பாவைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. பையைத் திறந்து ஊசி போட்டாள். இருபது நிமிஷத்தில் அப்பாவின் கை கட்டில் சட்டத்தை விட்டது. உள்ளங்கையில் சட்டத்தின் விளிம்பு கோடாகப் பதிந்திருந்தது.

சிஸ்டர் போன பிறகு பட்டியல் பக்கத்தைத் திறந்தேன். பார்த்த உடனே புரிந்துவிட்டது. அடைப்புக்குறிக்கு முன்னால் பின்சாய்கோடு இல்லை. இதில் ஒரு கொடுமை உண்டு. ஒரே விதியில் நாலு வீட்டைச் சேர்த்து எழுதி, அதில் ஒன்று உலாவிக்குப் புரியாவிட்டால், அந்த ஒன்றை மட்டும் அது விடாது. விதி முழுவதையும் விட்டுவிடும். பிழை என்று ஒரு வரி சொல்லாது. பேச்சு மூச்சு இல்லாமல் அடுத்த வரிக்குப் போய்விடும். எங்கள் வீடு சேர்ந்ததும் மற்ற மூன்று வீடுகளின் சிவப்பும் போய்விட்டது. அந்த மூன்று வீடுகளிலும் யார் கிடந்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எண்கள் மட்டும் தெரியும்.

அந்த லைப்ரரியை எடுத்துச் சேர்த்தேன். ஐந்து நிமிஷ வேலை. என் இரண்டு வரியை அழித்துவிட்டு, எங்கள் வீட்டு எண்ணைக் கொடுத்தேன். சாய்கோட்டுக்கும் இரண்டு அடைப்புக்குறிகளுக்கும் முன்னால் ஒழுங்காகப் பின்சாய்கோடு போட்டுத் திருப்பித் தந்தது. டிக் போட்டுப் பார்த்தேன். எங்கள் வீடு சிவப்பானது.

அப்பா விழித்திருந்தார். கட்டிலில் உட்கார்ந்து நடந்ததை எல்லாம் சொன்னேன். இவ்வளவு நேரம் நீங்க துடிச்சது என்னாலதான் என்று அந்த வார்த்தையிலேயே சொன்னேன். லைப்ரரி இருக்கிறது என்று தெரிந்தும் எடுக்காமல் விட்டதையும் சொன்னேன். ஸ்டைல்ஷீட் அவருக்குப் புரிந்திருக்காது. அடைப்புக்குறி புரிந்தது.

"அந்தப் பிராக்கெட்டு நான் போட்டதுதானே மக்ளே" என்றார். "நீ என்ன செய்வே. கெடக்கட்டும். போய் ரெண்டு வாய் சாப்பிடு."

பதினோரு நாள் கழித்து, ஒரு மத்தியானம், வலி எதுவும் இல்லாமல் போனார். அந்தப் பதினோரு நாளில் இரண்டு தடவை எங்கள் வீடு சிவப்பாகி, இரண்டு தடவையும் எட்டு மணிக்கு முன்னால் சிஸ்டர் வந்தாள். பட்டியலிலிருந்து வீட்டை எடுத்துவிடட்டுமா என்று ஆபீஸ் அக்கா கேட்டாள். எடுத்துவிடுங்கள் என்றேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு சிஸ்டர் வந்தாள். சாப்பிடவில்லை, இலையைத் தொட்டுவிட்டு எழுந்தாள். கேட் வரை கூடப் போனேன். அவளுக்கு என்னவோ கேட்க வேண்டியிருந்தது என்று தெரிந்தது. தூணில் கை வைத்தபடி நின்றாள்.

"சேச்சி, அந்நு நாலு சிவப்பு வீடு உண்டாயிருந்து என்னு ஆபீஸ்ல பறஞ்சு. எனிக்கு ஒண்ணும் கண்டில்லா. நான் நோக்காம விட்டேனா? எந்தா சம்பவிச்சது? எனிக்கு உறக்கம் வரலை சேச்சி. நான் சாயா குடிச்சு நின்னேன்."

அவள் கண் நிறைந்திருந்தது. நான் சொல்லியிருக்க வேண்டும். ஒருத்தன் வழி சொன்னான், நான் கேட்கவில்லை, உங்கள்மேல் ஒரு தப்பும் இல்லை என்று முழுதாகச் சொல்லியிருக்க வேண்டும். நான் தூணைக் காட்டினேன்.

"உங்க தப்பு இல்ல சிஸ்டர். எங்க வீட்டு நம்பர்ல இந்தப் பிராக்கெட் இருக்கில்லா, அதுல வந்த வினை. அப்பா போட்டது."

சிஸ்டர் அதைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். "பாவம் சார்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினாள்.

உள்ளே வந்து அப்பாவின் கட்டிலில் உட்கார்ந்தேன். மெத்தையை அன்று காலையிலேயே வெயிலில் போட்டிருந்தார்கள், வெறும் சட்டம்தான். பிராக்கெட் நான் போட்டதுதானே என்றது, நான் சாப்பிடப் போகட்டும் என்பதற்காக அவர் சொன்ன வார்த்தை. அதையே எடுத்து, பழியை அவர் மேலேயே போட்டுவிட்டு வந்திருக்கிறேன். அப்போதும் எனக்கு அழுகை வரவில்லை.