கம்பிக்கு முன்னால் உட்கார்ந்தவள்

நாலு. நினைவில் வையுங்கள். குதிரைக்குக் கால் நாலு என்று குழந்தைக்கும் தெரியும். அந்தப் போர்ப் படத்தை எடுத்தவர்களுக்கு மட்டும் ஒருத்தி சேற்றில் உட்கார்ந்து சொல்ல வேண்டியிருந்தது.

அவளை எல்லோரும் லாடக்காரி என்பார்கள். லாடம் அடிப்பது, தீனி வைப்பது, சாணம் அள்ளுவது எல்லாம் அவள்தான். படத்தில் ஒரு பையனின் குதிரையைப் பட்டாளம் பிடித்துப் போகிறது. அவன் தேடி வருகிறான். குதிரையோடு பழகட்டும் என்று, பையனாக நடித்த பொடியனை மத்தியானம் லாயத்திலேயே தூங்க வைத்தாள். அவன் வைக்கோலில் சாய்ந்தால் குதிரையும் மடங்கிப் பக்கத்தில் படுத்துவிடும்.

குண்டு விழும் காட்சி வந்தது. ஓடிவரும் குதிரை தலைகுப்புற விழ வேண்டும். சேற்றின் குறுக்கே கம்பி கட்டச் சொன்னார் மேனேஜர்.

"கால் முறிஞ்சிடும் சார்."

"முறிஞ்சா வேற குதிரை. உனக்கென்ன, உன் காலா?"

இந்த வேலை போனால் வீட்டு அடுப்பில் பூனை தூங்கும். புகை போட்டார்கள், கேமரா ஓடியது. அவள் நேரே போய்க் கம்பிக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"என் காலுன்னே வெச்சுக்கோங்க. முதல்ல என் மேல ஓட்டுங்க!"

சிப்பாய் வேஷம் போட்ட கிழவர் ஒருவர் துப்பாக்கியைக் கீழே போட்டார். "தள்ளி உக்காரும்மா." பின்னாலேயே எதிரிப் பட்டாளமும் வந்தது.

"டேய், நீங்க எங்களச் சுட வேண்டியவங்கடா!" என்றார் கிழவர்.

"சாப்பிட்டுட்டு சுடறோம் மாமா, நகரு."

இரண்டு பட்டாளமும் ஒரே சேற்றில். மேனேஜர் தொண்டை கிழியக் கத்தினார். பொடியன் ஓடிவந்தான். "அக்கா, குதிரைய அடிக்கப் போறாங்களா?" என்று அழுதபடி அங்கேயே விழுந்து படுத்தான்.

கடிவாளத்தை யாரும் பிடித்திருக்கவில்லை. புகைக்குள்ளிருந்து குதிரை நடந்து வந்தது. லாடக்காரி பதறிப்போய்க் கம்பியை இரண்டு கையாலும் சேற்றுக்குள் அமுக்கினாள். குதிரை அதைத் தாண்டி, பொடியனை மோந்து பார்த்து, முன்னங்கால்களை மடக்கி அவன் பக்கத்தில் படுத்தது.

டைரக்டர் கேமரா பக்கம் திரும்பினார். கேமராக்காரர் கிசுகிசுத்தார்: "ஓடிட்டுதான் இருக்கு சார். நான் நிறுத்தவே இல்ல."

படத்தில் இருப்பது அந்தக் காட்சிதான். ஜனங்கள் பையனைப் பார்த்து அழுகிறார்கள். சிப்பாய்களுக்கு நடுவே ஒருத்தியின் முதுகு தெரியும்; அதையும் பாருங்கள். மறுநாளும் அவள்தான் தீனி வைத்தாள். கம்பி சுருண்டு கிடங்குக்குப் போனது. குதிரை அவள் பின்னால் லாயத்துக்கு நடந்தே போனது.

கால் நாலு.