அண்ணனின் கம்ப்யூட்டரில் படம் வந்தது

எங்கள் பதுளை வீட்டு டிவியில், ஸ்டேஷன் பிடிக்கத் திருகும் குமிழில் அப்பா ஒட்டிவைத்த பிளாஸ்டர் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. காயத்துக்கு ஒட்டும் பழுப்பு பிளாஸ்டர்தான். டிவி ஊருக்கு வந்த புதிதில், மலைகளுக்கு நடுவே படம் பிடிப்பது லேசான காரியமில்லை. அண்ணன் கூரையேறி ஏரியலைத் திருப்ப, நான் வாசலில் நின்று “வந்துருச்சி, ஐயோ போயிருச்சி” என்று தொண்டை கட்டக் கத்த, ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போராடி ஒரு முகம் தெரிந்தது. அது நழுவிவிடக் கூடாதென்று அப்பா குமிழை அந்த இடத்திலேயே ஒட்டிவிட்டார். “இதுல யாராச்சும் கை வச்சீங்க, கைய முறிச்சிருவேன்” என்றார். செய்யக்கூடியவர்தான்.

அண்ணன் பசாரில், நானா என்று நாங்கள் கூப்பிடும் ஒரு முஸ்லிம் முதலாளியின் கடையில் ரேடியோ திருத்திக்கொண்டிருந்தார். மலையகத் தமிழரை இந்தியாவுக்குத் திருப்பியனுப்பிய ஒப்பந்தத்தில் அப்போது எங்கள் வீட்டுக்கும் இந்தியப் பாஸ்போர்ட் வந்துவிட்டிருந்தது. அப்பாவும் அம்மாவும் போவதென்று முடிவு. எனக்கு உள்ளூரிலேயே கல்யாணம் நிச்சயமாகியிருந்ததால் நான் தப்பினேன். அண்ணனுக்குப் போக மனமில்லை. “அங்க நமக்கு யார் இருக்கா?” என்பார். அப்பா ஒரே பேச்சில் முடித்தார்: “இங்க உனக்குன்னு ஒரு பொழப்பு இருந்தாக் காட்டு, இருந்துக்க. இல்லாட்டி எங்களோட கப்பலேறு.”

அந்தப் பிழைப்புக்காகத்தான் அண்ணன் கம்ப்யூட்டர் கட்டினார். கப்பலில் வேலை பார்த்த சிநேகிதர் ஒருவர் கொண்டுவந்த பெட்டிக்குள் அது துண்டு துண்டாக இருந்தது. எல்லாவற்றையும் ஈயம் வைத்து ஒட்டி, டிவியோடு இணைத்தால் திரையில் எழுத்து வருமாம். நானா வாக்குக் கொடுத்திருந்தார்: “நீங்க அத ஓடச் செய்ங்க தம்பி. கடை மேல்மாடிய தாரேன், புள்ளைகளுக்குப் படிச்சுக் குடுங்க.”

ஒட்டி முடித்து டிவியில் இணைத்தார். திரை முழுக்கப் புள்ளிகள், சோவென்று மழை இரைச்சல், வேறொன்றும் இல்லை. ஒட்டிய இடமெல்லாம் கழற்றி மறுபடி ஒட்டினார். சில்லுகளைப் பிடுங்கித் துடைத்துச் சொருகினார். கரண்ட் போகிறதா என்று விரல் வைத்துப் பார்த்தார். “சூடு இருக்கு. உசிர் இருக்கு தங்கச்சி, பேச மாட்டேங்குது” என்றார். நான் வழிகாட்டிப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டிப் படித்தார். “டிவி ட்யூன் பண்ணி இருக்கணும்னு போட்டிருக்கு. நம்ம டிவிதான் ட்யூன் பண்ணியே இருக்கே” என்று மூடிவைத்தார். ரேடியோவில் ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் முள்ளைத் திருப்பத் தெரிந்த மனிதர் அவர். ஆனால் அந்தப் பிளாஸ்டர் எங்கள் வீட்டில் சாமி காரியம் மாதிரி. அதைத் தொடலாம் என்று யாருக்கும் தோன்றவேயில்லை, எனக்கும்தான்.

கப்பலுக்குப் புறப்பட்ட நாளில் பதுளை ஸ்டேஷனில் ரயில் பெட்டியெல்லாம் ஒப்பாரி. அண்ணன் அழவில்லை. ஜன்னல் வழியாக என்னிடம், “என் கைக்கு வரல, அவ்வளவுதான்” என்றார்.

டிவியும் அந்தக் கம்ப்யூட்டரும் எனக்கு வந்தன. ஒரு மழைக்காலத்தில் பிளாஸ்டர் தானாகவே உரிந்து தொங்கியது. என் வீட்டுக்காரர் தெளிவான படம் தேடிக் குமிழைத் திருக, அது கடகடவென்று எங்கெங்கோ போனது. இவ்வளவு தூரம் போகுமா, அப்படியானால் கம்ப்யூட்டரின் படமும் அங்கே எங்காவது இருக்குமோ என்று எனக்குத் தோன்றியது. பரணில் கிடந்த கம்ப்யூட்டரை இறக்கி, இணைத்து, நானே திருகினேன். இரைச்சல் சட்டென்று நின்றது. திரை வெள்ளை வெளேரென்று விரிந்தது. கீழ் மூலையில் கறுப்புக் கட்டத்துக்குள் ஒரே ஒரு எழுத்து. என்ன வேண்டும், சொல்லுங்கள் என்று கேட்கிற எழுத்தாம் அது. முதல் நாளிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது; எங்கள் குமிழ்தான் வேறு ஸ்டேஷனில் ஒட்டிக்கிடந்தது. நான் பயந்துபோய் அணைத்துவிட்டேன்.

இப்போது என் பேரனின் திரை நிமிஷ நேரம் கறுத்துக் கிடந்தாலும் எனக்குத் தாங்காது. உள்ளே யாரோ பதிலுக்குக் காத்திருக்கிற மாதிரியே இருக்கும். “இது சும்மா தூங்குது அம்மாச்சி” என்று சிரிப்பான்.

அண்ணனைப் பிறகு ஒரே ஒருமுறைதான் இந்தியாவில், கோத்தகிரியில் பார்த்தேன். தேயிலை மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். வீட்டில் ஒரு ரேடியோகூட இல்லை. ரேடியோ திருத்தப் போகலாமே என்று அண்ணி கேட்டதற்கு, “எனக்கு அந்த வேலை வராது” என்றாராம். அதைக் கேட்டபிறகு என்னால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பிளாஸ்டர் உரிந்தது முதல் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அப்புறம் அத ஆஃப் பண்ணிட்டியா?”

“ஆமாண்ணே.”

“ஆஃப் பண்ணா அதுக்கு எல்லாம் மறந்துரும்” என்றார். “குடுத்து வச்ச சென்மம்.”