சவுக்குத் தோப்புக்கு வந்த மினி பஸ்

மனை விற்றவர் காட்டிய எங்கள் நகரின் வரைபடத்தில் எல்லாம் இருந்தது. சிறுவர் பூங்கா, கடை வளாகம், கோவிலுக்கு ஓர் இடம், முகப்பில் பெரிய வளைவு. மனை பார்க்கப் போனபோது நேரில் இருந்தது வளைவு மட்டும்தான். அதற்குப் பின்னால் வெட்டி முடித்த சவுக்குத் தோப்பின் அடிக்கட்டைகள், நடுநடுவே எண் எழுதிய மஞ்சள் கற்கள். இரண்டு முறை கால் இடறி விழப் பார்த்தேன். ஆனாலும் அந்த இடம் எனக்கு அன்றைக்கே பிடித்துவிட்டது. தூத்துக்குடி டவுனில் பதினோரு வருடம் அடுத்த வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டே சமைத்தவள் நான். கடல் காற்று நேராக முகத்தில் அடித்தால் பிடிக்காமல் என்ன செய்யும்?

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் என் வீட்டுக்காரருக்குப் பிடிக்கவில்லை. "ஏளா, இது காடு. மரத்த வெட்டிட்டா ஊராயிருமா?" என்றார். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றேன். கடைசியில் அவர்தான் இறங்கி வந்தார். நாங்கள் பால் காய்ச்சிக் குடிவந்தபோது எங்களுடையது மூன்றாவது வீடு. அடுத்த தை மாதத்துக்குள் ஆறு வீடுகள் ஆகிவிட்டன.

ஆறு வீடு இருந்தும் பஸ் இல்லை. மெயின் ரோட்டுக்குச் செம்மண் பாதையில் அரை மணி நேரம் நடக்க வேண்டும். வீட்டில் ஒரே பைக், அதுவும் அவருடைய ஷிப்டுக்குப் போய்விடும். எனக்கு டவுனில் ஒரு மருந்துக்கடையில் வேலை. மழைக்காலம் முழுவதும் கையில் செருப்பைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். அவர் ஒரு நாள் முடிவாகச் சொல்லிவிட்டார். "பங்குனி வரைக்கும் பாப்போம். பஸ் வரலன்னா பழையபடி டவுன்ல வாடகைக்குப் போயிருவோம். இத பூட்டிப் போடுவோம்." ஆசை ஆசையாகக் கட்டிய வீடு. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆறு வீட்டுப் பெண்களும் சேர்ந்து ஒரு மினி பஸ் முதலாளியைப் போய்ப் பார்த்தோம். அவர் காயல்பட்டினம் பக்கத்து பாய். எங்களை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்துவிட்டுச் சிரித்தார். "ஆறு வீட்டுக்கு ஒரு பஸ்ஸா? சரி, ஒரு மாசம் ஓட்டிப் பாக்கேன். காலையில மூணு நடை, சாயங்காலம் மூணு நடை. கடைசி நாள் நானே வந்து ஏறிப் பாப்பேன். ஆளு இருந்தா ஓடும், இல்லன்னா நிறுத்திருவேன்."

முதல் நாள் அந்த பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வளைவுக்குள் நுழைந்தபோது எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. சந்தனம் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, டிரைவருக்கு ஆரத்தியே எடுத்துவிட்டோம். அவர் வெட்கப்பட்டுக்கொண்டு ஸ்டியரிங்கைப் பார்த்தபடி இருந்தார்.

உண்மையில் தினமும் டவுனுக்குப் போகிறவர்கள் நாலு பேர்தான். அதனால் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒவ்வொரு நடையிலும் வீட்டுக்கு ஒரு ஆள் ஏற வேண்டும். கறிவேப்பிலை வாங்க டவுனுக்குப் போய்வந்தோம். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் அந்த பஸ்ஸில் போய் ஒரு டீ குடித்துவிட்டு அதே பஸ்ஸில் திரும்புவார். லீவு நாட்களில் நான் மூன்று நடையும் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்தேன். "யக்கா, இது பஸ்ஸா, ஒங்க வீட்டு அடுப்படியா?" என்று கண்டக்டர் கேட்டான். அவனுக்கு எல்லாம் தெரியும், ஆனால் முதலாளியிடம் மூச்சு விடவில்லை.

கூட்டம் காட்டுவதில் இவ்வளவு கெட்டிக்காரர்களாக இருந்த நாங்கள் ஒன்றை மறந்துபோனோம். பங்குனி உத்திரம். எங்கள் பக்கத்தில் அன்றைக்கு யாரும் வீட்டில் இருக்க மாட்டார்கள், அவரவர் குலதெய்வமான சாஸ்தா எங்கே இருக்கிறாரோ அங்கே போய்விடுவார்கள். எங்கள் சாஸ்தா செம்மணல் மேடான தேரிக்காட்டில் இருக்கிறார். முந்தின நாளே பானை, அரிசியோடு வேனில் கிளம்பிவிட்டோம். மறுநாள் பொங்கல் பொங்கி வழிகிற நேரத்தில்தான் எனக்கு உறைத்தது. ஒரு மாதம் இன்றோடு முடிகிறது. இன்றைக்குத்தான் முதலாளி வருகிறார்.

அலறியடித்துக்கொண்டு மற்றவர்களுக்குப் போன் போட்டேன். ஒரு குடும்பம் ஆழ்வார்திருநகரிப் பக்கம் நின்றது, இன்னொன்று ஆறுமுகநேரிக்கு அந்தப்புறம். "நீங்க இருப்பீகன்னுல்லா நெனச்சோம்!" என்று எல்லோரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். நானும் அவர்களை நம்பித்தானே கிளம்பினேன்? சாஸ்தா என்னவோ எனக்கு மட்டும்தான் இருப்பதுபோல! "ஒன்னக் கும்பிட வந்துதான என் வீடு போவுது" என்று சாமியோடு சண்டை பிடித்து அழுதேன். என் வீட்டுக்காரர் பொங்கல் பானையை இறக்கிவைக்கப் போய்விட்டார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

மறுநாள் காலை திரும்பி வந்தபோது பக்கத்து வீட்டு அக்கா வாசல்படியில் காலை நீட்டி உட்கார்ந்து தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கடற்கரைக் கிறிஸ்தவக் குடும்பம். அவள் புருஷன் தோணியில் சரக்கு ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போனால் வர மாதக்கணக்காகும். அவளுக்குச் சாஸ்தாவும் கிடையாது, உத்திரமும் கிடையாது. அந்த அவசரத்தில் எனக்கு அவள் ஞாபகமே வரவில்லை.

முந்தின நாள் காலையில் எழுந்து பார்த்திருக்கிறாள். ஐந்து வீட்டிலும் பூட்டு. உடனே குசினியில் அடுப்பை அணைத்துவிட்டு முதல் நடையில் ஏறிவிட்டாள். போய், திரும்பி வந்து, மறுபடியும் ஏறினாள். தவக்காலம் என்று ஒருசந்தி வேறு, ஒருவேளைச் சாப்பாடுதான். காலை மூன்று நடை, மாலை மூன்று நடை, எங்கள் நகரிலிருந்து அவள் ஒருத்திதான். முதலாளி பின்சீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஐந்தாவது நடையில் பக்கத்தில் வந்து கேட்டாராம்.

"ஏம்மா, காலையிலருந்து எங்கதான் போறீங்க?"

"எங்கயும் போகல பாய். எல்லாரும் சாமி கும்பிடப் போயிட்டாவ. பஸ்ஸு நின்னுட்டுன்னா பக்கத்து வீட்டுக்காரி டவுனுக்குப் போயிருவா. எம் மாப்பிள தோணி ஏறிட்டாருன்னா எனக்குப் பேச்சுத் தொணைக்கு அவள விட்டா யாரு இருக்கா?"

பாய் எழுந்து முன்னால் போனாராம். பிறகு டிரைவரைப் பார்த்து, "இன்னும் ஒரு மாசம் ஓடட்டும்" என்றாராம்.

நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். "ஏளா விடு, காலு வலிக்கி" என்றாள். அவளை மறந்துவிட்டுப் போனேனே என்று வெட்கமாக இருந்தது.

அந்த ஒரு மாதம் போதுமானதாக இருந்தது. பஸ் வருகிறது என்ற செய்தி பரவியதும் சும்மா போட்டிருந்த மனைகளில் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்ட ஆரம்பித்தார்கள். காலையில் கலவை இயந்திரத்தின் சத்தத்தில்தான் விழிப்போம். எனக்கு அது நாதஸ்வரம்! வாரம் தவறாமல் யார் வீட்டிலாவது பால் காய்ச்சினார்கள். வளைவுக்குப் பக்கத்தில் ஓர் அண்ணாச்சி பலசரக்குக் கடை போட்டார். கறிவேப்பிலையைக் கேட்காமலே அள்ளிப் போடுகிறார்.

போன வாரம் ஒரு நாள் கிளம்பக் கொஞ்சம் நேரமாகிவிட்டது. பையைத் தூக்கிக்கொண்டு வளைவுக்கு ஓடினேன். கடைசித் தெருவில் திரும்பி பஸ் வந்தது, படியில் ஆள் தொங்க. உள்ளே பார்த்தால் பாதிப் பேரை எனக்கு அடையாளமே தெரியவில்லை. "அடுத்த நடையில வாங்கக்கா!" என்று கண்டக்டர் கத்தினான். பஸ் நிற்கவே இல்லை. ஜன்னலோரத்திலிருந்து அக்கா எனக்குக் கையை ஆட்டிக்கொண்டே போனாள்.

நான் நடுரோட்டில் நின்று கை தட்டினேன். உடனே என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன்.

"ஏங்க, பஸ்ஸ விட்டுட்டேன்!"

"அதுக்கா இம்புட்டுச் சந்தோசம்?"

"நிக்கக்கூட எடமில்லைங்க!"