கப்பலைத் தேடிக் காஞ்சிபுரம் போனோம்

கலெக்டர் ஆபீசுக்கு மனுவோடு கிளம்புகிறவர்களுக்கு உதவட்டும் என்று இதை எழுதுகிறேன். எழுபதுகளில் ஓர் ஆவணி மாதம், மாமல்லபுரத்துக்குத் தெற்கே எங்கள் குப்பத்துக் கரையில் தார்போல எண்ணெய் ஒதுங்கியது. ஏதோ கப்பல் கொட்டியது. கடலில் கிடந்த வலையெல்லாம் பாழ். நஷ்டஈடு வராவிட்டால் புது வலை இல்லை, அந்தப் பருவமும் இல்லை.

பக்கத்துக் குப்பத்தார் அந்தக் கப்பலையும் எண்ணெயையும் முந்தின நாளே பார்த்துத் தங்கள் வலையைத் தூக்கிவிட்டார்கள். எங்களுக்குச் சேதி சொல்லவில்லை. பழைய வலைத் தகராறு. அவர்கள் குப்பத்து அஞ்சலை அன்று சிரித்த சிரிப்பு இன்றும் என் காதில் இருக்கிறது.

மாவட்ட ஆபீசு அப்போது காஞ்சிபுரத்தில். செங்கல்பட்டில் பஸ் மாறினால் சுமார் அறுபத்தைந்து கிலோமீட்டர். சாட்சிக்கு ஒரு வலையைக் கோணியில் கட்டி, நானும் கொழுந்தன் ஏழுமலையும் ஏறினோம்.

"இன்னாமா, பஸ்ஸுக்கு தார் அடிக்க வந்தியா?" என்றார் கண்டக்டர். கோணி கூரைமேல் போனது.

அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார். "பக்கத்து நாட்டுக் கடல்ல கொட்டியிருந்தா அவங்களத்தான் கேக்கணும். அப்படிக் கேக்க ரெண்டு நாட்டுக்கும் நடுவுல ஒப்பந்தமே இல்லம்மா. எந்தக் கப்பல், எங்க கொட்டுச்சுன்னு தெரியணும். பார்த்தவங்கள கூட்டினு வாங்க, டில்லிக்கு எழுதறேன்."

"அந்தக் குப்பத்து வாசல்ல நான் நிக்க மாட்டேன்," என்றேன் வெளியே வந்து.

"அப்ப வலைய நெனச்சிக்கினு பட்டினி கிட," என்றான் ஏழுமலை.

பிள்ளையார்பாளையத்தில் எங்களிடம் கருவாடு வாங்கும் ஒரு நெசவுக்காரம்மா வீட்டுக்குப் போனோம். தறியில் ஏற்றுவதற்கான பட்டு நூல், பாவு என்பார்கள், தெரு நீளத்துக்கு விரித்துக் கட்டியிருந்தது. திடீரென்று தூறல். யாரோ கத்த, தெருவே ஓடிவந்து பாவைச் சுருட்டித் தூக்கியது. இந்தம்மாவும் அடுப்பை விட்டு ஓடினாள்.

"பாவு உன்னுதாம்மா?"

"எதிர்வூட்டுக்காரியோடது. அவகூட எனக்குப் பேச்சுவார்த்தையே இல்ல."

"அப்புறம் ஏன் ஓடினே?"

"நனைஞ்சா பட்டு போச்சே! தூக்கி வச்சிட்டு சண்டைய வச்சிக்கலாம், எங்க ஓடிடப்போவுது?"

திரும்பும்போது எங்கள் நிறுத்தத்தைத் தாண்டி அடுத்த குப்பத்தில் இறங்கினேன்.

"வழி தப்பி வந்துட்டியா?" என்றாள் அஞ்சலை.

"தப்பல. கப்பல் பார்த்த ஆளுங்கள நாளைக்கு அனுப்பு. நமக்குள்ள சண்டை அப்படியே இருக்கட்டும்."

முறைத்தாள். ஆனால் அனுப்பினாள். மனு டில்லி போனது, காசு வரவில்லை. அந்தப் பருவம் கடன் வலையில் ஓடியது. ஆனாலும் இரண்டு குப்பமும் கூடி, எண்ணெயை முதலில் பார்க்கிறவர் மற்றவருக்கு ஆள் அனுப்பியே ஆகவேண்டும் என்று கட்டுப்பாடு வைத்தோம். மறுமுறை எண்ணெய் வந்தபோது அவர்கள் கட்டுமரம் சேதியோடு அதற்கு முன்னால் வந்தது. வலை தப்பியது.

மனு கொண்டுபோகிறவர்கள் பக்கத்து ஊர்க்காரரையும் முதல் தடவையே கூட்டிப்போங்கள். ஒரு நடை மிச்சம். இப்போது நம் கடலைச் சுற்றியுள்ள நாடுகளும் எண்ணெய் கொட்டினால் உடனே சொல்லி உதவிக்கொள்ள ஒப்பந்தம் போட்டிருக்கிறார்களாம். அவர்கள் சிரித்துப் பேசவேண்டும் என்றில்லை, சேதி வந்தால் போதும். அஞ்சலையோடு நான் இன்றுவரை பேசுவதில்லை.