சாயம் போகாத துணி

என் நாத்தனாருக்கு இருபத்தாறு வயது, தையல்காரி. மூன்று வருடமாக இருமுகிறாள். ஆஸ்துமா என்று சொல்லி மருந்து கொடுத்திருந்தார்கள். நான் சும்மா இருப்பேனா? "அந்த மிஷினைத் தலைமுழுகு, இருமலும் போயிடும்" என்று தினமும் குத்திக்கொண்டிருந்தேன்.

போன வாரம் துவைக்க எடுத்த அவள் தலையணை உறைக்குள் சிவப்புத் துண்டுகள் கிடந்தன. எங்கள் ஜன்னல் திரை தைத்ததில் மிஞ்சியவை. எத்தனை தடவை துவைத்தும் சாயம் போகாத துணி அது. நனைத்ததும் தண்ணீர் சிவந்தது.

"என்னடி இது?"

"இருமினா ரத்தம் வருது அண்ணி. தெரிஞ்சா மிஷினை வித்துடுவீங்கன்னு மறைச்சேன்."

அன்றைக்கே நுரையீரல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அவர் அவள் முதுகில் குழாய் வைத்துக் கேட்டார்.

"ஆஸ்துமான்னா பொதுவா ரெண்டு பக்கமும் விசிலடிக்கும். இவங்களுக்கு வலது பக்கம் மட்டும்தான் கேக்குது."

ஸ்கேனில் மூச்சுக்குழாய்க்குள் பட்டாணி அளவு கட்டி தெரிந்தது.

"இந்த வயசுல அபூர்வம்மா. தையல் தூசியால வந்ததில்ல. சதை எடுத்துப் பார்த்தாதான் எந்த வகைன்னு சொல்ல முடியும்."

சதை எடுத்தாயிற்று. முடிவு செவ்வாய்க்கிழமை வரும். அதுவரை அவள் மிஷினை மிதித்துக்கொண்டிருக்கிறாள். பழைய வெள்ளைப் போர்வையைக் கிழித்து அவள் பக்கத்தில் வைத்தேன்.

"இனிமே இதுல துப்பு."

"கறை போகாதே அண்ணி."

"துவைக்கிறவ நான். உனக்கென்ன?"