இரண்டு கேட்டுக்கு நடுவே

மூன்று வருடங்களுக்கு முன், ஆடி மாதம் பிறந்த சமயம். உத்திரமேரூர் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. என் வீட்டுக்காரர் வளைகுடாவில் டிரெய்லர் ஓட்டிக்கொண்டிருந்தார். துபாயில் சரக்கு ஏற்றினால் சவூதியைக் கடந்து ஜோர்டான் வரைக்கும் போவார். மூன்று நாடு என்று பெயர்தானே தவிர, இரண்டு பக்கமும் மணல்தான், நம்ம ஏரி காய்ந்து கிடக்குமே அதுபோல என்பார்.

நான் பத்தாவது வரை படித்தவள். வீட்டுக்கு யார் வந்தாலும் கதவுக்குப் பின்னால் நின்றே பேசிப் பழக்கம். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவரிடம் மட்டும்தான் வாய் ஓயாமல் பேசுவேன். அதுவும் போனில், பார்டரில் வண்டி நிற்கும்போது.

பார்டரில் லாரிகள் வரிசையாக நாள் கணக்கில் நிற்குமாம். டிரெய்லருக்குப் பக்கவாட்டில் ஒரு பெட்டி உண்டு. அதன் கதவைக் கீழே இறக்கினால் அதுதான் அடுப்பு மேடை. லீவில் வந்தபோது எங்கள் கழனியில் விளைந்த பொன்னி அரிசியைக் கட்டி எடுத்துப் போயிருந்தார். போனை அரிசி டப்பாவின் மேல் சாய்த்து வைத்துக்கொண்டு, என்னைக் கேட்டுக் கேட்டுச் சமைப்பார்.

“இன்னா, புளி இவ்ளோ போதுமா?”

“போதும்யா. பார்டருக்கே ஊத்தப் போறியா?”

“வாசனைக்கே வந்துடுவானுங்க, பாத்துக்கினே இரு.”

வருவார்கள். முக்கியமாக ஒரு பாகிஸ்தான்காரர். அவரும் டிரைவர்தான், தாடி நரைத்த பெரியவர். தம்ளரோடு வந்து நிற்பார். ரசத்தைக் குடித்துவிட்டு போனைப் பார்த்து, நெஞ்சில் கை வைத்துத் தலையைக் குனிவார். நான் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொள்வேன்.

“அய்ய, உன் ரசத்துக்குத்தான் சலாம் போடறாரு. இன்னாத்துக்கு ஓடி ஒளியற?” என்று இவர் சிரிப்பார்.

அந்த ஆடியில் ஒரு நாள் மத்தியானம் என் வீட்டுக்காரர் நம்பரிலிருந்து வீடியோ கால் வந்தது. எடுத்தால் அந்தப் பெரியவர் முகம். ஏதேதோ பேசினார். எனக்கு ‘பாய், பாய்’ என்பதைத் தவிர ஒன்றும் புரியவில்லை. பிறகு பேசுவதை நிறுத்திவிட்டு போனைத் திருப்பினார். பெட்டிக் கதவு இறங்கியிருந்தது. அணைத்த அடுப்பின் மேல் சோற்றுப் பானை, கஞ்சி வடிக்காமல் அப்படியே. கீழே இவர் செருப்பு. புரிந்துவிட்டது.

மாரடைப்பு. ஒரு நாட்டின் கேட்டில் வெளியே போக முத்திரை குத்தியாகிவிட்டது. அடுத்த நாட்டின் கேட்டில் உள்ளே வர இன்னும் குத்தவில்லை. நடுவில் இருக்கும் ரோட்டில் உயிர் போயிருந்தது. உடலைப் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் வைத்தார்களே தவிர, யார் கையெழுத்துப் போட்டு அனுப்புவது என்பது முடிவாகவில்லை. இந்தக் கேட்டுக்காரர்கள் ‘எங்களை விட்டுப் போனவர்’ என்றார்களாம். அந்தக் கேட்டுக்காரர்கள் ‘எங்களிடம் வராதவர்’ என்றார்களாம். எந்த நாடுகள் என்று எழுதவில்லை, யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை.

என் கொழுந்தனார் கலெக்டர் ஆபீசுக்கும் சென்னைக்கும் அலைந்தார். “இன்னிக்கும் ஒண்ணும் ஆவல அண்ணி” என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமல் படுத்துவிடுவார். அந்தப் பெரியவர் அந்த வழியாக வண்டி வரும்போதெல்லாம் தன் போனில் என்னைக் கூப்பிடுவார். ஆஸ்பத்திரிக் கட்டடத்தைக் காட்டுவார். இல்லை என்று தலையை ஆட்டுவார். நான் இப்போது முகத்தை மூடுவதில்லை. மூட வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை.

ஊரிலும் சங்கடம். சாவு விழுந்த வீட்டில் காரியம் முடியாமல் எங்கள் ஊரில் அம்மனுக்குக் காப்பு கட்ட மாட்டார்கள். காப்பு கட்டாமல் கூழ் ஊற்ற முடியாது. ஆடி பாதி போய்விட்டது. ஊர்ப் பெரியவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை, எத்தனை நாள்தான் பொறுப்பார்கள்?

“தப்பா நெனச்சிக்காதம்மா. வைக்கோல்ல ஒரு உருவம் பண்ணி, சுடுகாட்டுல கொளுத்திட்டா தீட்டு கயிஞ்சிடும். ஒடம்பு எப்ப வருதோ அப்ப வரட்டும்.”

கதவுக்குப் பின்னால் இருந்தவள் வெளியே வந்துவிட்டேன்.

“சோறு பொங்கிக்கினு இருந்த மனுசன். வைக்கோலுன்னு சொல்லாதீங்க.”

அவர்கள் எழுந்து போய்விட்டார்கள்.

அந்த வாரமே கம்பெனியிலிருந்து கேட்டார்கள். ஊருக்கு அனுப்ப வழியில்லை, அங்கேயே அடக்கம் செய்யச் சம்மதமா? கொழுந்தனார் தலையைக் குனிந்துகொண்டார். எங்களில் எரிப்பதுதான் வழக்கம். வைக்கோலை எரிப்பதா, அவரை மண்ணில் வைப்பதா என்பதுதான் எனக்கு மிச்சம் இருந்தது. சரி என்றேன். அந்தப் பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று மட்டும் கேட்டேன்.

இருந்தார். போனில் வெயிலும் மணலும் தெரிந்தன. வெள்ளைத் துணியை விலக்கி முகத்தைக் காட்டினார். வாய்க்கரிசி போட வேண்டும். நான் போடாமல் அவரை எப்படி அனுப்புவது? எந்தப் பாஷையில் சொல்வது? அடுப்படிக்கு ஓடி ஒரு பிடி அரிசி எடுத்து வந்தேன். போனுக்கு முன்னால் நீட்டினேன். என் வாய்க்குக் கொண்டுபோனேன். பிறகு போனில் தெரிந்த என் வீட்டுக்காரர் வாயைக் காட்டினேன்.

பெரியவர் என் கையில் இருந்த அரிசியைப் பார்த்தார். போனை யாரிடமோ கொடுத்துவிட்டுத் தன் லாரிக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு டப்பா. என் வீட்டுக்காரர் போனைச் சாய்த்து வைக்கும் அதே அரிசி டப்பா. பத்திரமாக எடுத்து வைத்திருந்திருக்கிறார்.

அவர்கள் மார்க்கத்தில் இந்த வழக்கம் கிடையாது. பக்கத்தில் நின்ற ஒருவர் ஏதோ சொன்னார். பெரியவர் காதில் வாங்கவில்லை. உட்கார்ந்து, கொஞ்சம் அரிசியை விரலில் எடுத்து, இவ்வளவு போதுமா என்பதுபோல என்னைப் பார்த்தார்.

தலையை ஆட்டினேன். போட்டார்.

காரியம் முடிந்து ஊரில் காப்பு கட்டினார்கள், கூழும் ஊற்றினார்கள். மனது ஆறிவிட்டது என்று எழுத ஆசைதான், ஆறவில்லை. அந்த ரோட்டையும் அவரை வைத்த இடத்தையும் நான் பார்க்கப் போவதில்லை. பெரியவரின் பெயர்கூட எனக்குத் தெரியாது, அவர் நம்பருக்கும் இப்போது அழைப்பு போவதில்லை. உலைக்கு அரிசி அள்ளும்போது கை நின்றுவிடுகிறது. என் கை எட்டாத இடத்தில் என் கையாக இருந்த அந்தக் கையை நினைத்துக்கொண்டுதான், ஒரு ஆளுக்கு மட்டும் அள்ளிப் போடுகிறேன்.