உயிரோடிருந்த அம்மாவுக்கு ஒப்பாரி

தொண்ணூற்றொன்றில் எனக்கு எட்டு வயது. மறைமலை நகர் கம்பெனியில் வேலை பார்த்த அப்பா, ஷிப்ட் முடிந்தால் நேராக வீட்டுக்கு வருகிற ஆள் இல்லை. குடித்துவிட்டு வந்து அம்மா மேல் கை நீட்டுவார். பொறுத்தது போதும் என்று ஒருநாள் அம்மா தண்டலத்தில் இருந்த தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். என்னை மட்டும் அப்பா விடவில்லை. அத்தை வந்து சமைத்துப் போட்டாள். எந்த பஸ் நின்றாலும் வாசலுக்கு ஓடி எட்டிப் பார்ப்பேன். ஆனால் அழமாட்டேன், அம்மா பேச்சை எடுத்தாலே அப்பா முறைப்பார். "கல்லு மாதிரி கீது பாரு" என்று அத்தை தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

அப்போது ஒரகடத்தில் தூரத்துச் சொந்தக்காரத் தாத்தா ஒருவர் செத்துப்போனார். அத்தை என்னையும் கூட்டிப் போனாள். பஸ்ஸில் ஊர்க்கதை பேசிச் சிரித்துக்கொண்டே வந்தவள், சாவு வீட்டுத் தெருமுனை திரும்பியதும் உதட்டைக் கோணி, புருவத்தைச் சுருக்கி, முந்தானையால் வாயை மூடினாள். வாசலை எட்டுவதற்குள் நிஜமாகவே கண்ணீர் கொட்டியது. எனக்கு ஒரே ஆச்சரியம். முகத்தை அப்படி வைத்துக்கொண்டால் அழுகை தானாக வந்துவிடுமா?

பெண்கள் வட்டமாகத் தோளைக் கட்டிக்கொண்டு அழுத இடத்தில் நானும் நுழைந்து உட்கார்ந்தேன். அத்தையைப் பார்த்து விளையாட்டாகத்தான் முகத்தைக் கோணினேன். நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. அப்புறம் என்னால் நிறுத்த முடியவில்லை. "என்ன வுட்டுட்டுப் பூட்டியேம்மா" என்று அவர்களைப் போலவே ராகம் போட்டுக் கதறினேன்.

ஒப்பாரி சட்டென்று நின்றது. "அடிப்பாவி, உசுரோட கீறவளுக்கு இன்னாத்துக்குடி ஒப்பாரி வெக்கிற!" என்று அத்தை பதறிப்போய் என் வாயைப் பொத்தினாள். தாத்தாவை விட்டுவிட்டு எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

இந்தச் சேதி தண்டலம் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும்? மறுநாள் அப்பா வேலைக்குப் போன பிறகு அம்மா வந்து நின்றாள். ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். அவள் சிரிக்கவில்லை. பல்லைக் கடித்தபடியே எனக்குத் தலை பின்னினாள், சோறு ஊட்டினாள். "இனிமே அப்டி அழமாட்டம்மா, கோச்சுக்காதம்மா" என்று கெஞ்சினேன். கோபமில்லை என்று வாய் சொன்னது; முகம் அப்படியே இருந்தது. அப்பா வருவதற்குள் அவள் பஸ் ஏறினாள். கூடப் போகத் திமிறிய என்னை அத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்தும் அம்மா என் பக்கம் திரும்பவில்லை.

என் ஒப்பாரியை அவள் மன்னிக்கவேயில்லை என்று வெகுகாலம் மருகினேன். அந்த முகத்தைக் கொஞ்சம் இளக்கியிருந்தால் அழுதிருப்பாள், அழுதிருந்தால் பஸ்ஸை விட்டு இறங்கி, மறுபடியும் அப்பாவின் அடிக்கே திரும்பி வந்திருப்பாள் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.